தோற்பந்தும் வெறுங்காலும்

தமிழுக்குப் பந்து புதியதல்ல. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் மானனீகை பந்தடிக்கும் அழகைக் கூற ஒரு காதை முழுவதும் செலவாகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுவதைப் பாடமாகப் படிக்காத உயர்தர வகுப்பு மாணவர் நம்மிடையே குறைவு. ஆனால் இந்த ஆட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான இரண்டு இயல்புகள் இருப்பதை அவதானிக்கலாம். ஆடுகிறவள் பெண், ஆடுவது கையால். காலால் உதைபடும் பந்து, அதுவும் பதினொரு ஆண்கள் கூடி உதைக்கும் பந்து, நம் இலக்கியத்துக்கு அந்நியமானது. ஆகவேதான் அது வந்தபோது அதற்கொரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. தமிழகத்தார் கால்பந்து என்றனர். நாம் உதைபந்தாட்டம் என்றோம். அவர்கள் உறுப்பைச் சொன்னார்கள், நாம் செயலைச் சொன்னோம். எது சிறந்த ஆக்கம் என்று கேட்டால் நான் நம்முடையதன் பக்கமே நிற்பேன்.

பெயரைக் காட்டிலும் பெரிய சங்கடம் ஒன்றும் அதனோடு வந்தது. அந்தப் பந்து தோலால் ஆனது. தோல் யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கலாகாது என்பதற்கு நம் சமூகத்தில் எழுதாத சட்டமொன்று இருந்தது. இங்கே பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் அதிகாலைப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பிய தப்பும் தோல்தான். அதை அடிக்கும் கைகள் இன்னாருடையவை என்பது கடல் கடந்து வந்த பின்னும் மாறவில்லை. அந்தச் சட்டம் வலுவோடு இருந்த காலத்தில், உயர்குலத்து வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த கல்லூரிகளுக்குள் ஒரு தோற்பந்து உருண்டு வந்தால் என்ன ஆகும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்.

கதையை 1869இல் தொடங்குவது எனக்கு வசதியாக இருக்கிறது. அந்த ஆண்டில் நம் ஊவாவின் மடுல்சீமைத் தோட்டமொன்றிலே காப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. இலைத்துரு என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோய் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பிப் பயிர்ச்செய்கையையே விழுங்கிவிட்டது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆள் வேண்டியது பழம் பறிக்கும் காலத்தில்தான். பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் இராமநாதபுரத்துக்கும் திருச்சிக்கும் நடந்து திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைப் பறிக்க ஆணோடு பெண்ணும் வேண்டும், குடும்பம் வேண்டும். குடும்பம் வந்ததால் லயம் வந்தது. லயத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். ஊவா மலைச்சரிவில் பந்துதைக்கப் பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள் என்பதை நிர்ணயித்தது ஒரு விதத்தில் அந்த இலைப் பொட்டுத்தான்.

அதே 1869 நவம்பர் 6ஆம் திகதி, பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து நியூ பிரன்சுவிக் என்ற ஊரில் இரண்டு கல்லூரி அணிகள் ஒரு வட்டப்பந்தை நடுவில் வைத்து மோதின. ரட்கர்ஸ் கல்லூரியும், இன்று பிரின்ஸ்டன் என்று அறியப்படும் கல்லூரியும் ஆடிய அந்த ஆட்டத்தையே அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமாகக் கொள்வர். ஒவ்வொரு பக்கமும் 25 பேர்! பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எறியக்கூடாது. காலாலும் கையாலும் தட்டலாம். ரட்கர்ஸ் மாணவர் தம்மை அடையாளம் காட்டச் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டனர். ஆட்டம் 6க்கு 4 என ரட்கர்ஸ் பக்கம் முடிந்தது. ஒரு வாரம் கழித்து பிரின்ஸ்டன் மண்ணில் மறு ஆட்டம். அதில் பிரின்ஸ்டன் 8க்கு 0 என வென்றது. மூன்றாவது ஆட்டம் நடக்கவேயில்லை. படிப்புக் கெடுகிறது என்று ஆசிரியர்கள் தடுத்துவிட்டார்கள் என்பர். ஆக, அந்தப் பருவம் முழுவதும் இரண்டே ஆட்டம். ஆசிரியர் இனம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த 1869 ஓகஸ்ட் மாதத்தில் கல்கத்தாவில் ஒரு குழந்தை பிறந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நம் மலைநாட்டுக்கு வருவோம். 1879இல் கொழும்பில் வெள்ளையர் கழகமொன்று றக்பி வகை உதைபந்தைத் தொடங்கியிருந்தது. கல்லூரிக்குள் அதைக் கொண்டுவந்தவர் கண்டியைச் சேர்ந்த லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர். இந்தியாவில் ஆசிரியராக இருந்து ஊர் திரும்பி, 1891 மே மாதம் கண்டியில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் புகழ் பெற்றது அதுவே. முதல் நாள் வந்தவர்கள் 11 மாணவர்கள். றக்பி அணிக்கோ 15 பேர் வேண்டும்! எண்ணிக்கையைப் பற்றி மனிதர் கவலைப்படவில்லை போலும். அதே ஆண்டிலேயே ஆட்டத்தைப் பாடசாலைக்குள் கொண்டுவந்துவிட்டார். பிளேஸ் வெறும் விளையாட்டுப் பிரியர் அல்லர். பாடசாலைகளுக்கென இலங்கை வரலாற்றை எழுதியவர், இலக்கியத்தில் தோய்ந்தவர். ஆங்கிலேயப் பள்ளிகளின் அச்சைப் பின்பற்றினாலும், இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அச்சு பொருந்தும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை சொல்வதற்குக் காத்திராமல் தாமே தீர்மானித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் பாடசாலை அணிகள் இரண்டு எதிரெதிராக நிற்க 15 ஆண்டுகள் ஆயின. 1906இல் கண்டி போகம்பறை மைதானத்தில் கிங்ஸ்வூட் அணியும் திரித்துவக் கல்லூரி அணியும் சந்தித்தன. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையில் நடந்த முதல் றக்பி ஆட்டம் அதுவே. இரு தரப்பும் ஆறு ஆறு புள்ளிகளோடு சமநிலையில் பிரிந்தன. திரித்துவத்தின் அதிபராக அப்போது இருந்தவர் 1904இல் வந்த பிரேசர் பாதிரியார். அஸ்கிரியவில் மலையை வெட்டிச் சமப்படுத்திக் கல்லூரிக்கொரு மைதானம் அமைத்தவர் அவர். அது 1915இல் திறக்கப்பட்டது. மலைநாட்டில் மைதானம் என்பது கிடைக்கும் பொருளல்ல, வெட்டி எடுக்கும் பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு இது தேவைப்படும்.

கண்டியில் பிளேஸ் பந்தை உருட்டிய அதே 1891இன் கடைசியில், வடக்கே காஷ்மீரத்துத் தலைநகரான ஸ்ரீநகரில் வேறொரு நாடகம் அரங்கேறியது. அங்கிருந்த மிஷன் பாடசாலையில் மாணவர்களிற் பெரும்பான்மையோர் பிராமணப் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். முந்திய ஆண்டு அங்கு வந்து சேர்ந்திருந்த டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார், பம்பாயிலே திருமணம் முடித்துத் திரும்புகையில் புது மனைவியோடு ஒரு தோற்பந்தையும் கொண்டுவந்தார். இது என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். உதைபந்து என்றார். எதனால் ஆனது என்றார்கள். தோல் என்றார். அவ்வளவுதான். தீட்டுப் பொருளை அப்பால் எடுத்துப் போகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததைப் பாதிரியார் தம் நூலிலேயே பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு ஆசிரியர்களைக் கம்புகளோடு வாயிலில் நிறுத்தி, ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல் மாணவர்களை மைதானத்துக்கு ஓட்டினார். நீண்ட அங்கி, உள்ளே குளிர் காயும் நெருப்புச் சட்டி, காலில் மரக் கட்டைச் செருப்பு, தலையில் பாகை. இந்தக் கோலத்தில் இரு அணிகளும் நின்றன. பந்து நடுவில் கிடந்தது. ஒருவரும் உதைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் கெடு வைத்தார். கெடு முடிந்ததும் கம்பு ஓங்கியது. பந்து பறந்தது, பாகைகளும் செருப்புகளும் பறந்தன. சிறிது நேரத்தில் ஒரு பையனின் முகத்தில் பந்து பட்டுவிட்டது. அவன் அழுதான். வலித்ததால் அல்ல, முகம் தீட்டுப்பட்டுவிட்டதே, இனி வீட்டுக்குள் எப்படிப் போவேன் என்று. ஆட்டம் நின்றுபோனது. அவனைக் கால்வாய்க்குக் கூட்டிப்போய்க் கழுவிவிடுங்கள் என்றார் பாதிரியார். கழுவினார்கள். திரும்பி வந்து ஆடினார்கள்.

இந்தக் கதையை வாசிக்கும் எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சாதி என்ற ஆயிரமாண்டுக் கோட்டையை ஒரு பந்து இடித்துவிட்டதாக இதைப் பாராட்டுவோரும் உண்டு. அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அழுத பிள்ளையின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தோலைத் தொடுவதால் தீட்டு வராது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீடு ஒன்றைச் சொன்னது, கம்பு வேறொன்றைச் சொன்னது, அவன் இரண்டுக்கும் நடுவில் நின்றான். தீட்டு மாத்திரம் போய்விட்டதா? தோலைப் பதப்படுத்தியவரை அந்தப் பிள்ளைகள் அன்று முதல் தம்மோடு சமமாக நினைத்தார்களா? மைதானத்தில் பந்தோடு பழகியவர்கள் எல்லாரும் ஊருக்குள் மனிதரோடு பழகிவிடவில்லை என்பது நம் அனுபவமும்தான். எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. ஒருமுறை உதைத்த கால், மறுமுறை கம்பு இல்லாமலும் உதைத்தது. காஷ்மீரத்தில் உதைபந்து வேரூன்றியது அந்தப் பாடசாலையிலிருந்துதான்.

கம்பில்லாமலே தொடங்கிய கதைக்கு இப்போது வருவோம். 1869இல் கல்கத்தாவில் பிறந்தது என்றேனே, அந்தக் குழந்தையின் பெயர் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்; சர்வாதிகாரி என்பது குடும்பப் பெயர். 1877இல் ஹேர் பாடசாலை மாணவனாக இருந்தபோது, கங்கையில் நீராடச் செல்லும் தாயோடு ஒரு நாள் வண்டியில் போய்க்கொண்டிருந்தான். வழியில் வெள்ளையர் பந்தாடுவதைக் கண்டு இறங்கி வேடிக்கை பார்த்தான். பந்து எல்லை தாண்டி அவன் காலடிக்கே உருண்டு வந்தது. உதைத்து அனுப்பு என்றான் ஒரு வெள்ளைக்காரன். பிள்ளை உதைத்தான். கதை இவ்வளவுதான். ஆனால் இந்தியர் உதைபந்தாட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த உதையிலிருந்தே தொடங்குகிறார்கள்.

மறுநாள் வகுப்பிலே தோழர்களிடம் காசு சேர்த்து, ஆங்கிலக் கடையொன்றில் பந்து வாங்கப் போனார்கள். வாங்கி வந்தது முட்டை வடிவ றக்பிப் பந்து! அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பாடசாலை முற்றத்தில் அதையே உதைத்துத் தள்ளினார்கள். பக்கத்தில் பிரசிடென்சிக் கல்லூரி. அதன் மாடத்திலிருந்து இந்தக் கூத்தைக் கண்ட ஸ்டாக் என்ற பேராசிரியர் இறங்கி வந்து, பிள்ளைகளே, நீங்கள் ஆடுவது இன்னதென்று தெரியாமல் ஆடுகிறீர்கள் என்று சொல்லி, வட்டப் பந்தொன்றைத் தந்து விதிகளையும் கற்பித்தாராம். ஸ்ரீநகர் ஆசிரியரின் கையில் கம்பு, கல்கத்தா ஆசிரியரின் கையில் பந்து. முன்னவரிடம் பிள்ளைகள் விரட்டப்பட்டுப் போனார்கள். பின்னவர் பிள்ளைகளிடம் இறங்கிப் போனார். நான் எந்த வகுப்பில் இருக்க விரும்பியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நகேந்திர பிரசாத் வளர்ந்து கல்லூரிக்குப் போனபோது கழகம் கழகமாகத் தொடங்கினார். அவற்றில் வெலிங்டன் கழகம் ஒன்று. அதில் மணி தாஸ் என்ற இளைஞரைச் சேர்க்க அவர் விரும்பினார். அவர் குயவர் மகன். உயர்குல உறுப்பினர் மறுத்தனர். நகேந்திர பிரசாத் அவர்களோடு வாதிட்டுப் பார்த்தார், முடியவில்லை. கழகத்தையே கலைத்துவிட்டார். அதன்பின் உருவான சோவாபஜார் கழகத்தில் மணி தாஸ் முன்னணியில் சேர்க்கப்பட்டார் என்பது வரலாறு. கோயிற் பிரவேசம் பற்றி நாடு பேசத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்னரே, ஓர் அணித் தெரிவுக்காக ஒரு மாணவர் ஒரு சங்கத்தைக் கலைத்தார். 1892இல் அந்தச் சோவாபஜார் அணியே டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் கிழக்கு சரே படையணியைத் தோற்கடித்தது. ஆங்கிலப் படையணி ஒன்றை இந்திய அணி வென்றது அதுவே முதல்முறை என்பர். இவரது வாழ்க்கை 2021இல் வங்காளத்தில் திரைப்படமாகவும் வந்தது.

இந்த விதை மரமான பருவம் 1911. கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் கல்லூரி அணி அல்ல. ஆனால் அதன் நெஞ்சு கல்லூரிதான். அபிலாஷ் கோஷ், ராஜேன் சென்குப்தா ஆகிய இருவரும் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர்கள். பின்வரிசையில் நின்ற சுதிர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், கிறிஸ்தவர். அந்த அணியில் பூட்ஸ் அணிந்தவர் அவர் ஒருவரே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலர்.

ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான அந்தப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். யூலை 10ஆம் திகதி முதலாட்டம், எதிரணி சென் சேவியர் கல்லூரி. 3க்கு 0. கல்லூரிப் பிள்ளைகளை வெல்வதில் என்ன அதிசயம் என்று நகரத்தார் வாளாவிருந்தனர். 14ஆம் திகதி ரேஞ்சர்ஸ் கழகம், 2க்கு 1. 19ஆம் திகதி ரைபிள் பிரிகேட் படையணி, 1க்கு 0. இப்போது நகரம் விழித்துக்கொண்டது. 24ஆம் திகதி அரையிறுதி. மிடில்செக்ஸ் படையணியோடு 1க்கு 1 எனச் சமம். இரண்டு நாள் கழித்து மறு ஆட்டத்தில் 3க்கு 0. மழைக்காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஈரப் புல்லில் ஆணி வைத்த பூட்ஸ் காலுக்குப் பிடிப்பு உண்டு, வெறுங்கால் வழுக்கும். மோதும்போது நொறுங்குவது எந்தக் கால் என்று சொல்லவும் வேண்டுமா? இருபது நாட்களுக்குள் ஆறு ஆட்டங்கள், அவற்றுள் நான்கு படைவீரர்களோடு. வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் போய்வந்த இளைஞர்கள் இவற்றை ஆடினார்கள்.

யூலை 29, சனிக்கிழமை. இறுதி ஆட்டம் கிழக்கு யோர்க்சயர் படையணியோடு. மைதானத்துக்கு வந்தவர் 60,000 பேருக்கு மேல் என்பது குறைந்த மதிப்பீடு. சிறப்பு ரயில்கள் ஓடின. இரண்டு ரூபாய்ச் சீட்டு பதினைந்து ரூபாய்க்குக் கைமாறியதாம். ஆட்டத்தைக் காண முடியாத தூரத்தில் நின்றவர்களுக்கு எத்தனைக்கு எத்தனை என்று எழுதிய பட்டங்களை வானத்தில் ஏற்றினார்கள். வானொலி இல்லாத காலத்து நேர்முக வர்ணனை! வானொலியில் பேசுகிற எனக்கு அந்தப் பட்டத்தின் மீது ஒரு சொந்தம் தோன்றுகிறது. முதல் கோலை அடித்தது படையணி. நேரடி உதை ஒன்றின் மூலம் ஜாக்சன் அடித்தார். பட்டம் ஏறியது, கூட்டம் வாடியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் தலைவர் சிவதாஸ் பாதுரி தாமே வெட்டி நுழைந்து சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் அவர் தட்டிக் கொடுத்த பந்தைக் கல்லூரி மாணவர் அபிலாஷ் கோஷ் வலைக்குள் அனுப்பினார். 2க்கு 1. சட்டைகளும் குடைகளும் செருப்புகளும் வானில் எழுந்தன. ஆட்டம் முடிந்து திரும்புகையில் ஒரு முதியவர் கோட்டை மீது பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று வீரர்களைக் கேட்டதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. நடந்திருக்கலாம், பின்னர் சேர்த்ததாகவும் இருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்டது இந்தத் தோல்வியின் வெட்கத்தால்தான் என்று சொல்லும் அன்பர்களும் இருக்கிறார்கள். அது மிகை, அரசியற் காரணங்கள் வேறு பல.

சரி, அந்த 1911இல் நம் ஊவாத் தோட்டங்களில் என்ன நடந்தது? கல்கத்தா இளைஞர் பட்டம் ஏற்றிய நாளில் பசறையிலும் ஹாலிஎலையிலும் நமுனுகுலைச் சரிவிலும் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். துண்டு முறை ஆட்சி செய்த காலம் அது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வேலை மாற வேண்டுமானால், அவன் பெயரில் உள்ள கடனைக் குறித்த துண்டு வேண்டும். சொல்லாமற் போனால் சட்டம் தண்டித்தது. அந்த முறை ஒழிக்கப்பட்டது 1921இல். விளையாட்டுப் பருவம் என்றால் என்ன? ஓரணி தன் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குப் போய் ஆடித் திரும்புவதுதானே? போக்குவரவே சுதந்திரமாக இல்லாதவனுக்குப் பருவம் ஏது, எதிரணி ஏது?

கல்வியும் அப்படியே. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைப் பத்து வயதோடு நிறுத்திவிட்டது. கல்லூரிக்காரன் பந்தெடுக்கும் வயதில் நம் பிள்ளை கொழுந்துக் கூடையோடு நின்றான். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம் என மூன்று வகை வைத்திருந்தார்கள் என்பதே போதிய சான்று. தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர். அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். கிங்ஸ்வூட்டின் முதல் நாள் 11 பேரைக் கேலி செய்தேன். அந்தப் பதினொருவருக்கும் கிடைத்த பிளேஸ் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டம் ஊவாவில் இல்லாமல் இல்லை. துரைமார் ஆடினார்கள். ஆளுநர் கிளிபர்டின் மனைவி 1926இல் வழங்கிய கிண்ணத்துக்கு மலைநாட்டுத் துரைமார் கழகங்கள் போட்டியிட்டபோது ஊவாவுக்கும் ஓர் அணி இருந்தது. 1924இல் பதுளை வரை ரயில் வந்துவிட்டதால் வெளியூர் அணிகளின் பயணமும் எளிதாயிற்று. வாரம் முழுவதும் சரிவுகளில் அதிகாரம் செய்தவர்கள் வார இறுதியில் சேற்றில் புரண்டார்கள். அந்தச் சமதரையை வெட்டிக் கொடுத்தவை எந்தக் கைகள் என்று கேட்டால் விடை எல்லாருக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், பசறைப் பக்கத்து லயமொன்றில் ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சிறு வயதில் துரைமார் ஆட்டத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"பாக்காம என்ன சேர்? பந்து பொறுக்கத்தானே போவோம். மேட்டுல இருந்து உருண்டு தேயிலைக்குள்ள விழுந்துரும். நாங்க எறங்கிப் போயி தேடி எடுத்துக்கிட்டு வரணும்."

"அங்கிருந்தே உதைத்து அனுப்பியிருக்கலாமே, தாத்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒதைக்கிறதா? தொரை பந்தையா? ரெண்டு கையாலயும் கொண்டு போயி குடுக்கணும் சேர். எங்கப்பா அத மொதல்லயே சொல்லித்தான் அனுப்புவாரு."

கல்கத்தாவில் எல்லை தாண்டி வந்த பந்தைப் பார்த்து, உதைத்து அனுப்பு என்றார்கள். இங்கே எல்லை தாண்டி வந்த பந்தை இரு கையிலும் ஏந்திக்கொண்டு மேடேறினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தோல் தீட்டாக இருக்கவில்லை. பந்துக்குத்தான் அவர்கள் கால் ஆகாமற்போயிற்று.

பிள்ளைகள் அதற்காக ஆடாமல் இருந்துவிடுவார்களா? ஜம்போலாக் காயை உதைத்தார்கள். கந்தல் துணியைச் சுருட்டிச் சணற் கயிற்றால் வரிந்து உதைத்தார்கள். நானும் அந்தக் கந்தற் பந்தில் கால் பழகியவன்தான். மழையில் நனைந்தால் அது கல்லாகிவிடும். சமதரை இல்லாத இடத்தில் ஆடப் பழகியவனுக்கு ஒரு தனித் திறன் வரும். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பள்ளத்துப் பக்கம் கோல் காப்பவனுக்கு இரட்டை வேலை; தவறவிட்டால் தேயிலைக்குள் இறங்க வேண்டியவனும் அவனே. பின்னர் தொழிற்சங்கங்கள் வந்தன, தோட்டத்துக்கொரு விளையாட்டுக் கழகமும் வந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. துண்டு கேட்ட எல்லையைத் தாண்டி, லொறியின் பின்தட்டில் தப்படித்துக்கொண்டு அணிகள் போயின. தப்புத் தோலும் பந்துத் தோலும் ஒரே லொறியில்.

1948 யூலை 31ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸோடு ஆடியது. பெரும்பாலோர் வெறுங்காலர். தலைவர் தலிமரென் ஆவோ, நாகர் இனத்தவர், கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்து பந்தாடியவர். இந்தியா 1க்கு 2 எனத் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். அடுத்த மாதமே கொழும்பில் பிரசாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆண்டு முடிவதற்குள் அது 18ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ராமனின் கோலை நம் லயத்துப் பிள்ளை கேட்டு மகிழ்ந்திருந்தால், எந்த நாட்டுக்காரனாக நின்று மகிழ்வது என்ற கேள்வி அவனுக்கு எழுந்திருக்கும். எஞ்சியிருந்தோருக்கு உரிமை தந்த சட்டம் 2003இல் வந்தது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஓர் ஆட்டக்காரனின் காலுக்கு ஆயுள் பதினைந்து ஆண்டு என்று வைத்தாலும், மூன்று தலைமுறைக் கால்கள் வெளியே நின்றிருக்கின்றன.

மோகன் பகான் அந்தக் கேடயத்தை மறுபடி வெல்ல 1947 வரை காத்திருந்தது. போகம்பறையில் 1906இல் சமநிலையில் பிரிந்த இரு கல்லூரிகளும் இன்றும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. எங்கள் கல்லூரி அணிக்குப் பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரம் சமதரையில் கொஞ்சம் தடுமாறுவார்கள். பந்து தானாக உருளவில்லையே என்று ஒருவன் பயிற்றுநரிடம் முறையிட்டான். பூட்ஸைக் கழற்றிக் கோல் கம்பத்தடியில் வைத்துவிட்டு, அனுமதி கேளாமலே வெறுங்காலோடு உள்ளே ஓடினான்.